சாலை மாடியில் சைன் வளைவு

ட்யூட்டோரியல் காலேஜில் கணக்கு வாத்தியாருக்குச் சம்பளம் தருவது கணக்குக்காக அல்ல, பொறுமைக்காக. அது ஏன் அவ்வளவு குறைவு என்பது சேர்ந்த பிறகுதான் விளங்கும். இந்த வேலையைப் பார்த்தவர்களும், இந்த வேலையைப் பார்த்தவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுமாக உங்களில் பலர் இருப்பீர்கள். நாம் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவஸ்தைப்பட்டவர்கள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், நாகர்கோவிலிலிருந்து ஒரு எம்.எஸ்ஸி. பட்டத்தைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தேன். அரசுக் கல்லூரி எதுவும் என்னைக் கண்டுகொள்ளாததால், சாலை என்றே பெயருள்ள கடைத்தெருவில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியின் மாடியில் நடந்த ட்யூட்டோரியலில் சேர்ந்தேன். கீழே மூட்டையை உதறினால் மேலே வகுப்பே தும்மும். எனக்குக் கிடைத்தது மாலை வகுப்பு. பகலில் உத்தியோகம் பார்த்துவிட்டு, பட்டப்படிப்புக்கு முந்தின ப்ரீ-டிகிரி பரீட்சைக்குத் தனியாகப் பணம் கட்டி எழுதுகிறவர்கள் அதில் இருந்தார்கள். கணக்கில் ஏற்கெனவே விழுந்து எழுந்தவர்கள். ஏறக்குறைய எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். என்னை "சார்" என்று கூப்பிடும்போது அவர்கள் குரலில் ஒரு தயவு இருக்கும்.

எல்லாப் பாடங்களும் நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, புரிந்துவிட்டன. புரியாமல் போனது ஒன்றே ஒன்று. சைன் என்பது ஏறி இறங்கும் ஓர் அலை. அது ஒரு குறிப்பிட்ட கணத்தில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று கேட்டால், விடை காஸ் என்னும் இன்னோர் அலை. கலைச்சொல் அகராதிகள் இதைக் 'கணநேர மாறுவீதம்' என்கின்றன. சொல் கம்பீரமாகத்தான் இருக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், எதிரில் இருந்த முகங்களில் மாறுவீதம் பூஜ்யமாக இருக்கும்.

நோட்ஸ் போதும்

முதல் வாரத்திலேயே நான் ஒரு தப்புக்கணக்குப் போட்டேன். சூத்திரத்தைச் சொல்வதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கரும்பலகை இரண்டு பலகைகளைச் சேர்த்து அடித்தது. நடுவில் ஒரு விரிசல். அந்த விரிசலைத் தாண்டி அலையை வரைந்து, அதன்மேல் இரண்டு புள்ளிகளை வைத்து, ஒன்றை மற்றொன்றை நோக்கி மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போனேன். இரண்டும் சேர்ந்துவிடாமல், ஆனால் சேர்ந்துவிடப் போகிற அந்த எல்லையில் என்ன நடக்கிறது என்று முழு வகுப்பு நேரமும் பேசினேன். பழைய கிரேக்கர்கள் இந்த இடத்தில் எப்படித் திணறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் குறுக்கிடவில்லை. அந்த மௌனத்தை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பிரின்சிபால் பாஸ்கரன் நாயர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மலையாளி, ஆனால் சாலைத் தமிழ் வியாபாரிகளோடு பழகிப் பழகி, இரண்டு மொழிகளையும் ஒரே தட்டில் பரிமாறுவார். வகுப்பு முடிந்ததும் என் தோளில் கை போட்டு வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நன்றாக இருந்தது, கேட்டு அவருக்கே பழைய நாள் ஞாபகம் வந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஸாரே, இவங்களுக்கு மனசிலாக வேண்டா, புரிய வேண்டாம், பாஸ் ஆனா மதி. நோட்ஸ் கொடுத்தா போதும். மனசிலாகணும்னு நினைக்கிறவன் இங்க வரமாட்டான், காலேஜுக்குப் போவான்."

கால் இஞ்ச்

பிரின்சிபாலின் விதிக்கு ஒரு விலக்கு இருந்தது. கரமனையிலிருந்து வந்த கோமதி. திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம், அரசாங்கப் பொறியியல் அலுவலகம் ஒன்றில் டிரேசர் வேலை. டிராஃப்ட்ஸ்மேன் வரைந்த படத்தின்மேல் டிரேசிங் துணியை விரித்து, மை போட்டு அப்படியே நகலெடுப்பவர்கள் டிரேசர்கள். வகுப்பில் எல்லோருக்கும் அவர் 'சேச்சி', அதாவது அக்கா. பல வருஷமாக நகலெடுத்தவருக்கு, சொந்தமாக வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு இடம் ஒன்று காலியாக இருந்தது. ப்ரீ-டிகிரி கணக்கு தேறினால் அவருக்கு. தேறாவிட்டால் அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு. அந்த ஆளுக்கு மைப் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே கோமதிதான். அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுகிறது என்பதால் இதுதான் கடைசி வாய்ப்பு. தோற்றால், ஓய்வு பெறும்வரை அந்த ஆள் வரைவதை இவர் நகலெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இதை அவர் முதல் நாளே, அழாமல், விண்ணப்பம் வாசிப்பது போல என்னிடம் சொன்னார்.

வளைவை ஒரே ஒரு புள்ளியில் தொடும் நேர்கோட்டின் சரிவுதான் அந்தக் கணத்தின் மாறுவீதம் என்று நான் சொல்லியிருந்தேன். மறுநாள் அவர் ஒரு தாளை நீட்டினார். நான் கரும்பலகையில் போட்டது புழு. அவர் போட்டதுதான் சைன். அதன்மேல் முடி போல ஒரு தொடுகோடு. ஆனால் தொடுகோடு ஒரு புள்ளியில் தொடவில்லை, கால் இஞ்ச் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டு போகிறது, அந்தக் கால் இஞ்சில் எது என் புள்ளி என்று கேட்டார். கோட்டின் தடிமன்தான் காரணம் என்றேன். கொஞ்சம் மெல்லிய முனையால் வரைந்து வந்தார். கால் இஞ்ச் சற்றே குறைந்தது, மறையவில்லை. கணக்கில் கோட்டுக்குத் தடிமனே கிடையாது என்றேன். தடிமன் இல்லாத கோட்டை எப்படிப் பார்ப்பது என்றார். பார்க்கக் கூடாது, நினைக்க வேண்டும் என்றேன். பென்சிலை இன்னும் கூராகச் சீவிப் பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அது தேவையில்லாத வார்த்தை. அவர் தாளைச் சுருட்டிக்கொண்டு சொன்னார்: "பென்சிலைக் குறை சொல்லாதீங்க சார். பென்சில் சீவுறதுக்கே எங்க ஆபீஸ்ல எனக்குத்தான் பேரு."

தொட்டதும் வெட்டியதும்

சாலையிலேயே ஒரு இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளராக இருந்தவர் இசக்கிமுத்து. வள்ளியூர்க்காரர். கடை முதலாளியின் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்றும், முதலாளி ஒரு ப்ரீ-டிகிரியாவது வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்றும் வகுப்பில் பேச்சு. அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. வகுப்புக்கு வரும்போது சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று திருகாணிகள் கிடக்கும்.

தொடுகோடு என்றால் வளைவின் ஒரு பக்கமாக வந்து, தொட்டுவிட்டு, அதே பக்கமாகப் போய்விடும் என்று வகுப்பு ஒருவாறு சமாதானமாகியிருந்தது. அந்த நிம்மதியைக் கெடுத்தது நான்தான். அலை ஆரம்பிக்கும் இடத்தில், பூஜ்யத்தில், தொடுகோடு வரையச் சொன்னேன். அங்கே கோடு கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்கு வளைவைக் குறுக்கே கடந்து போகும். கோமதி வரைந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இது தொடுவதா வெட்டுவதா என்று ஒரு கட்சி, இரண்டும்தான் என்று நான். வளைவு அந்த இடத்தில் வளைகிற பக்கத்தை மாற்றிக்கொள்கிறது, அதனால் தொட்டுக்கொண்டே கடக்க முடியும் என்று விளக்கினேன், விளக்கம் சரியானதுதான். சரியான விளக்கம் சில நேரம் ஒரு வகுப்பை எவ்வளவு தூரம் பின்னால் தள்ளும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. பின்வரிசையிலிருந்து இசக்கிமுத்து எழுந்து, மிகவும் மரியாதையாக, "தொடுறேன்னு சொல்லிட்டு வந்து ஊடால பூந்து போறவனை எங்க ஊர்ல வேற பேரு சொல்லிக் கூப்பிடுவோம் சார்" என்றார்.

ஓணத்து ஊஞ்சல்

ஓணத்துக்கு மண்டிக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் ஊஞ்சல் கட்டினார்கள். வகுப்பு விடுமுறைக்கு முந்தின நாள், பாயசம் குடித்தபின் எல்லோரும் அங்கே கூடினோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஊஞ்சல் போய்வருவதும் சைன் அலைதான் என்றேன். நடுவில் வரும்போது அதிக வேகம். இரண்டு ஓரங்களின் உச்சியில் வேகம் பூஜ்யம், அந்தக் கணத்தில் ஊஞ்சல் நிற்கிறது. அவ்வளவுதான் சொன்னேன். பாயசக் கிண்ணத்தோடு நின்றவர்கள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நிற்கிறது என்றால் எவ்வளவு நேரம் நிற்கிறது? எவ்வளவு நேரமும் இல்லை என்றேன். அப்படியானால் நிற்கவில்லை. இல்லை, நிற்கிறது, ஆனால் நேரம் எடுத்துக்கொள்வதில்லை. நேரம் எடுக்காமல் நிற்பதற்கும் நிற்காமலே இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? பிரின்சிபால் கூட இதில் சேர்ந்துகொண்டு, பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் போகிற கண்டக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்றார். கோமதி மட்டும் மரத்தடியில் நின்று, ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடி, இலை ஒன்றை அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது விளையாட்டில்லை. இந்தப் பாடத்திலிருந்து எப்படியும் ஒரு பெரிய கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசியில் நேரில் சோதித்துவிடுவது என்று இசக்கிமுத்துவை ஏற்றி உட்காரவைத்தார்கள். உச்சியில் நிற்கிற கணத்தை அவர் உணர்ந்து, உணர்ந்ததும் கையைத் தூக்க வேண்டும். பிரின்சிபாலே தள்ளினார். ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் தாமதமாக, ஊஞ்சல் இறங்க ஆரம்பித்த பிறகே உயர்ந்தது. ஒரு முறை இரண்டு கையையும் தூக்கியதில் புளியமரத்து வேரில் வந்து உட்கார்ந்தார். ஓடிப்போய்த் தூக்கினோம். வேட்டியைத் தட்டிக்கொண்டே, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் போலச் சொன்னார்: "நின்னது நெசம்தான் சார். ஆனா நின்னுட்டேன்னு நான் நினைக்கிறதுக்குள்ள கீழ வந்துட்டேன்."

மார்கழி வெயில்

எங்கள் வகுப்பறையின் கரும்பலகை மேற்குச் சுவரில். அதை ஒட்டி ஒரு ஜன்னல், கதவில்லாதது. மாலை வெயில் அதன் வழியாக வந்து நேராக யாராவது ஒருவர் கண்ணில் விழும். விழுந்தவருக்குக் கரும்பலகை தெரியாது. பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். ஐப்பசி மழை விட்டதும் வெயில் ஆண்கள் பக்கத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி ஆள் ஆளாக நகர்ந்துகொண்டிருந்தது. இடம் மாறி உட்கார வேண்டாம், தன்பாட்டில் வெயிலே நகர்ந்துபோகும், அவரவர் முறை வரும்போது அவரவர் பொறுத்துக்கொள்வோம் என்று ஆண்கள் எல்லோரும் கூடி முடிவு செய்தார்கள். நல்ல ஜனநாயகம். அதில் கணக்கு மட்டும் இல்லை.

சுவரோரம் கடைசியில் இருந்தவர் இசக்கிமுத்து. கார்த்திகை முடிகிற நேரத்தில் வெயில் அவரிடம் வந்தது. வந்தது, போகவில்லை. மற்றவர்களைச் சில நாட்களில் விட்டு நகர்ந்த வெயில், மார்கழி முழுவதும் அவர் முகத்திலேயே குடியிருந்தது. ஒரு கையை நெற்றியில் வைத்தபடி எழுதினார். இது யாரோ செய்த சதி என்று பேசத் தொடங்கினார். எனக்கோ பரம சந்தோஷம். சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுவதும் தெற்கும் வடக்குமாகப் போய்வருவதும் கிட்டத்தட்ட ஒரு சைன் அலை; நடுவில் வேகமாக ஓடும்; மார்கழியில் அது உச்சியில் இருப்பதால் மாறுவீதம் பூஜ்யத்தை ஒட்டி ஊர்கிறது; ஊஞ்சலில் கண்ணுக்குப் பிடிபடாமல் போனதை இங்கே வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று உற்சாகமாகச் சொன்னேன். கோமதி பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சின்ன வெளிச்சம். இசக்கிமுத்துவின் முகத்தில் இருந்தது வேறு வெளிச்சம்.

சண்டை பிரின்சிபால்வரை போனது. அவர் கீழே இறங்கிப் போய், மண்டியிலிருந்து ஒரு பழைய கோணிச் சாக்கைக் கொண்டுவந்து ஜன்னலில் ஆணியடித்தார். வெயில் நின்றது. சாக்கில் ஒட்டியிருந்த வத்தல் தூள் கடற்காற்றில் வகுப்பு முழுவதும் பரவ, நாங்கள் அனைவரும் கண்ணீர் விட்டோம். கைகளைத் துடைத்துக்கொண்டு பிரின்சிபால் சொன்னார்: "ஸாரோட மாறுவீதத்தை நான் ஆணியடிச்சு நிறுத்தியாச்சு, இனி தைரியமா கிளாஸ் எடுத்தோளூ."

முப்பதடி

பரீட்சை நெருங்கியது. ஒரு நாள் கோமதி அட்டவணைப் புத்தகத்தோடு வந்தார். முப்பது டிகிரிக்கு சைன் அரை. முப்பத்தொரு டிகிரிக்கு 0.5150. ஒரு டிகிரி போனதில் ஏறியது 0.0150. ஆனால் முப்பது டிகிரியில் மாறுவீதம் காஸ் முப்பது, அதாவது 0.8660 என்று நான் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பக்கத்தில்கூட வரவில்லையே என்றார். ஒரு டிகிரி பெரிய இடைவெளி என்றேன். அதில் பத்தில் ஒரு பங்கு எடுத்துப் பார்த்தும், டிகிரிக்குக் கிட்டத்தட்ட அதே 0.015 வருகிறது என்றார். அதையும் செய்து வைத்திருந்தார். கரும்பலகையைப் பார்த்தேன். வகுப்பைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வாத்தியார் தொழிலில் இதைவிட நீளமான வாக்கியம் கிடையாது.

விடை எளிது, வெட்கப்படும் அளவுக்கு எளிது. காஸ் என்ற விடை, கோணத்தை ரேடியன் என்ற அலகில் அளந்தால் மட்டுமே வரும். ஒரு ரேடியன் ஏறக்குறைய ஐம்பத்தேழு டிகிரி; அதனால் டிகிரியில் அளந்தால் அதில் ஐம்பத்தேழில் ஒரு பங்குதான். இதை நான் ஆனி மாதமே வகுப்பில் சொல்லியிருந்தேன். அப்போது கீழே மூட்டை உதறிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். மறுநாள் சொன்னேன். கோமதி தலையாட்டினார். ஆனால் அது நம்பிய தலையாட்டல் இல்லை. சில நாட்களில், அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய டிரேசிங் தாள் துண்டுகளை ஒட்டி ஒரு சுருளாக்கிக் கொண்டுவந்தார். உயரத்துக்கு ஒரு அலகு ஒரு இஞ்ச். கோணத்துக்கு ஒரு டிகிரி ஒரு இஞ்ச். என் விளக்கத்தை அப்படியே, அளவு மாறாமல் வரைந்திருந்தார். ஒரு முழு அலைக்கு முந்நூற்றறுபது இஞ்ச், அதாவது முப்பதடி. மண்டியின் நீண்ட வராந்தாவில் அதை விரித்தோம். ஒரு முனையில் கோமதி, மறுமுனையில் இசக்கிமுத்து. நடுவில் இருந்தது அலையே இல்லை. லேசாகத் தொய்ந்த ஒரு கயிறு. அதன் ஆரம்பத்திலேயே, அதே இஞ்ச் அளவில் ரேடியனுக்கும் ஒன்று வரைந்திருந்தார். அது இரண்டு இஞ்ச் உயரம், ஒரு சாண் நீளம்கூட இல்லை. சரேலென்று ஏறி இறங்கியது.

நான் அந்த வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தேன். பாடம் என்னுடையது, ஆனால் அதை இந்த அளவில் நான் பார்த்ததே இல்லை. கோமதி குனிந்து, பெரிய அலையில் முப்பது டிகிரி இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மறுமுனையிலிருந்து இசக்கிமுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, சாக்கடைக் குழாய்க்கு நாங்க சொல்ற சரிவுதானே இது? இதையா சார் இத்தனை நாளா மலை மாதிரி காட்டினாரு?"

இரண்டு விடை

கணக்குப் பரீட்சை அன்று நான் பரீட்சை ஹாலுக்கு வெளியே, கேட் அருகே நின்றிருந்தேன். எங்கள் ட்யூட்டோரியலில் அது வழக்கம். பிரின்சிபாலும் குடையோடு வந்திருந்தார். முதலில் வெளியே வந்தவர் இசக்கிமுத்து. மாறுவீதக் கேள்வி வந்ததா என்றேன். வந்தது, எக்ஸ் முப்பது டிகிரி என்கிற இடத்தில் சைன் எக்ஸின் மாறுவீதம் என்ன என்று கேட்டிருந்தது, நோட்ஸில் இருந்தபடி 0.8660 போட்டுவிட்டேன் என்றார். யோசித்தீர்களா என்று கேட்டேன். யோசிக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கோமதி கடைசியாக வந்தார். முகம் வெளுத்திருந்தது. கேள்வியில் டிகிரி என்று அச்சாகியிருக்கிறது, ஆனால் கேட்கிறவர் மனசில் ரேடியன் இருக்கிறதா டிகிரி இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் இரண்டையும் எழுதினேன் என்றார். கோணத்தை ரேடியனில் அளந்தால் 0.8660, டிகிரியில் அளந்தால் 0.0151, எது ஏன் என்று இரண்டு பக்கம். கீழே ஒரு சின்னப் படம் வேறு. அதில் நேரம் போய், கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே முடியவில்லை. போன தடவைகளில் ஒன்றும் புரியாமல் எழுதி ஏதோ மார்க் வாங்கினேன், இந்தத் தடவை புரிந்து தொலைத்துவிட்டதே சார் என்றார். எழுதியது முழுக்கச் சரி என்று நான் அவசரமாகச் சொன்னேன். சரி என்பது பரீட்சையில் ஒரு பகுதிதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டிராஃப்ட்ஸ்மேன் நாற்காலியில் அந்த இன்னோர் ஆள் உட்கார்ந்திருப்பது எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரிந்தது.

அவர் பஸ் ஏறிய பிறகு பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, அதுதான் அதிகம் உறுத்தியது. குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு விடை எழுதினா சரியா தப்பான்னு பார்க்கலாம் ஸாரே. ரெண்டு எழுதினவளை, பேப்பர் திருத்துற மனுஷன் எங்க கொண்டு வைப்பான்?"

முடிவு வந்த அன்று

தேறியவர்களின் எண்கள் பத்திரிகையில் வரும். பெயர் இருக்காது, வெறும் எண்கள், பத்தி பத்தியாக. இசக்கிமுத்துவின் எண் முதல் வகுப்பில் இருந்தது. அன்று மாலை ட்யூட்டோரியலுக்கே ஜிலேபி வந்தது. கோமதியின் எண்ணை மேலிருந்து தேடி நான் காணவில்லை. பிரின்சிபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழிருந்து தேடினார். மூன்றாம் வகுப்பில், கடைசிக்குச் சற்று முன்னால், மை பரவி ஒரு எண். அதுதானா என்று இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். அதுதான். எந்த மனுஷன் அதைத் திருத்தினாரோ, இரண்டு விடைக்கும் சேர்த்து ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறார். அல்லது படிக்காமலே மார்க் போட்டிருக்கிறார். இதுவரை தெரியவில்லை.

கோமதிக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. மழை பிடித்த பிறகு ஒரு நாள் மாலை, புதிய வகுப்பு நடக்கும்போது வாசலில் வந்து நின்றார். விரலில் மைக்கறை இல்லை. இப்போது பென்சில்தான், சொந்தப் படம். வேலை எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, அங்கே இந்த சைனும் காஸும் ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை என்றார். பின்னே எதற்கு மழையில் வந்தீர்கள் என்றேன். அவர் அனுமதி கேட்காமலேயே பெண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஈரக் குடையைக் காலடியில் வைத்தார். புது வகுப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தேகம் கேட்கவே வந்திருப்பதாகவும், இத்தனை நாளும் தோற்றுவிடுவோமோ என்று பயந்து கேட்காமல் வைத்திருந்ததாகவும் சொல்லிவிட்டு, நிதானமாகக் கேட்டார்: "ஒரு கணத்துல நேரமே ஓடலைன்னு சொல்றீங்க. நேரம் ஓடாத இடத்துல வேகம்னு ஒண்ணு எப்படி சார் இருக்கும்? இப்ப அவசரமில்லை, மெதுவாச் சொல்லுங்க."

அன்றிலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். விடை புரிந்தவர்கள் முதல் வகுப்பிலும் கேள்வி புரிந்தவர்கள் மூன்றாம் வகுப்பிலும் தேறுவார்கள் என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது வேறொன்றுமில்லை.